முசிடோராவின் பெயருக்கு நேரே ‘இயக்கம்’ என்றும் எழுதுங்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரைப்படச் சங்க அமைப்பாளர்களுக்கும், உலக சினிமாவின் வரலாற்றைத் தமிழில் எழுதியும் கற்பித்தும் வருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் மௌனப்படத் திரையிடல் ஒன்றுக்கான அழைப்பிதழ் எனக்கு வந்தது. பிரெஞ்சு இயக்குநர் லூயி ஃபெயாத் எடுத்த ‘லெ வாம்பீர்’ தொடர்படத்தின் சில பகுதிகளைத் திரையிடப்போவதாக அறிவித்த அந்த அழைப்பிதழின் முகப்பில், வௌவால் இறக்கை போன்ற உடையை விரித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் படம் அச்சாகியிருந்தது. படத்தின் கீழே அதில் நடித்த பிரெஞ்சு நடிகை முசிடோராவின் பெயரும், அதையடுத்து ‘மௌனத்திரையின் மோகினி’ என்ற அடைமொழியும் இருந்தன. அடைமொழியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்தப் படத்தில் இருப்பவர் முசிடோராவே அல்லர். அவர் ஸ்தாசியா நப்பியர்கோவ்ஸ்கா என்ற நடனக் கலைஞர். தொடரின் இரண்டாம் பகுதியில், வௌவால் வேடமிட்டு மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே நஞ்சு தோய்ந்த மோதிரத்தால் இறந்துவிழும் மார்ஃபா என்ற நடனக்காரியாக நடித்தவர். முசிடோரா மூன்றாம் பகுதியில்தான் வருகிறார்.

பிற நாடுகளிலும் செய்யப்பட்டுவரும் பிழைதான் இது என்பதால், அந்த அழைப்பிதழைத் தயாரித்தவர்களைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. என்னை உறுத்தியது வேறொன்று. திரையிடலுக்கு முன் நிகழ்ந்த அறிமுக உரையிலும், அன்று தரப்பட்ட இரண்டு பக்கக் குறிப்பிலும், முசிடோரா படங்களை இயக்கியவர் என்ற செய்தி இடம்பெறவில்லை. சொந்தமாகத் தயாரிப்பு நிறுவனம் நடத்தினார் என்பதோ, தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளைப் பிரெஞ்சு சினிமாவின் நினைவுகளைத் திரட்டிவைக்கும் பணிக்கே கொடுத்தார் என்பதோ ஒரு வரியிலும் இல்லை. இதில் எனக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி வகுப்பில் இதே தொடர்படத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியபோது, முசிடோராவை உடலோடு ஒட்டிய கறுப்பு உடையில் கூரைகளின்மேல் நடமாடிய உருவமாக மட்டுமே மாணவர்களிடம் காட்டிவிட்டு வந்தேன். அதற்குமேல் அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பின்னர் தேடிப் படித்தறிந்ததை உங்கள் முன் வைத்து, உங்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

முசிடோரா அவருடைய இயற்பெயர் அன்று. 1889 பிப்ரவரி 23 அன்று பாரிசில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ழான் ரோக். தந்தை இசையமைப்பாளர், சோசலிசக் கருத்தாளர்; தாய் ஓவியம் தீட்டியவர், பெண்ணுரிமைக்காகக் குரல்கொடுத்தவர். தெயோஃபில் கோத்தியே 19ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு நாவலின் நாயகியிடமிருந்து மேடைக்கான பெயரை அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார். கலைத்தேவியரின் கொடை என்பது அதன் கிரேக்கப் பொருள். படிப்பும் அரசியலும் புழங்கிய வீட்டில் வளர்ந்த ஒரு பெண் தமக்கான பெயரை ஒரு நூலிலிருந்து எடுத்துக்கொண்டதை நான் தற்செயலாகக் கருதவில்லை. எழுத்தின்மீது இருந்த இந்தப் பிடிப்பு அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

மேடையில் தொடங்கியது அவருடைய தொழில். பாரிசின் பட்டாக்லான் போன்ற இசையரங்குகளில் ஆடியும் பாடியும் நடித்தும் வந்த அந்த நாள்களில்தான், ஏற்கெனவே எழுத்தாளராகப் புகழ்பெற்றிருந்த கொலெத்தும் அவரும் ஒரே மேடையில் தோன்றினார்கள். அங்கே வேர்விட்ட நட்பு பிற்காலத்தில் சினிமாவுக்கும் வந்துசேர்ந்தது. அவருடைய முதல் படத்தைத் தயாரித்தது வணிக நிறுவனம் அன்று என்பதை நம் குறிப்புகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. 1913இல் பாரிசில் தொழிலாளர் இயக்கத்தினரும் அரசின்மைக் கொள்கையினரும் சேர்ந்து ‘மக்கள் சினிமா’ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த அமைப்பு 1914இல் வெளியிட்ட, ஒரு தையல் தொழிலாளிப் பெண்ணின் துயரத்தைச் சொல்லும் படத்தில்தான் முசிடோரா முதன்முதலாகத் திரைக்கு வந்தார். மௌனத்திரையின் மோகினி என்று நாம் முத்திரை குத்தும் நடிகை, ஊசியும் நூலும் ஏந்திய உழைப்பாளியாகவே அறிமுகமானார்.

அதே ஆண்டு, ஃபொலி பெர்ழேர் அரங்கின் மேடையில் அவரைக் கண்ட ஃபெயாத், கோமோன் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோமோன் நிறுவனத்தின் படத்தயாரிப்புப் பொறுப்பு முழுவதையும் 1907 வரை வகித்தவர் அலிஸ் கீ என்ற பெண்மணி. ஃபெயாத்தை எழுத்தாளராகச் சேர்த்துக்கொண்டவரும், தாம் அமெரிக்காவுக்குப் புறப்படும்போது தமது இடத்துக்கு அவரைப் பரிந்துரைத்தவரும் அவரே. முசிடோராவைக் ‘கண்டெடுத்தவர்’ ஃபெயாத் என்று நாம் எழுதும்போது, அந்த ஃபெயாத்தை அந்த இருக்கையில் அமர்த்தியது ஒரு பெண் என்பதையும் சேர்த்து எழுதினால் வரலாறு சற்றே நேராகும்.

1915ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சு ஓராண்டுக்கும் மேலாகப் போரில் இருந்தது. படைக்குப் போயிருந்த ஃபெயாத், உடல்நலக் குறைவால் விடுவிக்கப்பட்டு, அந்தக் கோடையில்தான் பாரிசுக்குத் திரும்பியிருந்தார். பேர்ல் வைட் நடித்த அமெரிக்கத் தொடர்படத்தை ‘நியூயார்க் மர்மங்கள்’ என்ற பெயரில் டிசம்பரில் வெளியிடப் போட்டி நிறுவனமான பாத்தே முனைந்திருந்தது. அதை முந்திக்கொள்ளும் அவசரத்தில் நவம்பர் 13 அன்று ‘லெ வாம்பீர்’ வெளிவரத் தொடங்கியது. 1916 ஜூன் வரை பத்துப் பகுதிகளாக வந்த இந்தத் தொடர் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஓடக்கூடியது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்ட பாரிசின் வெறிச்சோடிய தெருக்களில் எடுத்த காட்சிகள் அதில் நிறைய உண்டு. இன்று அவற்றைப் பார்க்கும்போது, கதையில் வரும் கொள்ளையர்களைவிட அந்தத் தெருக்களின் வெறுமையே என்னை அதிகம் கலங்கச் செய்கிறது.

இப்போது அடைமொழிக்கு வருகிறேன். ‘வாம்பீர்’ என்ற தலைப்பைப் பார்த்தவுடன் இரத்தம் குடிக்கும் பேய் என்றோ, ஆண்களை மயக்கி அழிக்கும் மோகினி என்றோ நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்தக் கதையில் பேய் ஏதுமில்லை. வாம்பீர் என்பது பாரிசை ஆட்டிவைக்கும் ஒரு குற்றக் கும்பலின் பெயர், அவ்வளவே. நம் சினிமாப் பேச்சில் ‘வாம்ப்’ என்று வழங்கும் சொல், 1915இல் தீடா பாரா நடித்து வெளிவந்த அமெரிக்கப் படத்தையொட்டிப் பரவியது. அது ஓர் ஆணை மயக்கிச் சீரழிக்கும் பெண்ணின் கதை. ஒரே ஆண்டில் வெளிவந்தவை என்பதாலும், சொற்கள் ஒலியால் நெருங்கியவை என்பதாலும் இரண்டையும் ஒன்றாக்கி, முசிடோராவைப் பிரான்சின் தீடா பாரா என்று எழுதும் வழக்கம் நம்மிடையேயும் ஊன்றிவிட்டது. தொடரை முழுமையாகப் பார்த்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள்.

முசிடோரா ஏற்ற இர்மா வெப் என்ற பாத்திரம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். மூன்றாம் பகுதியில் ஓர் இழிந்த கேளிக்கை விடுதியின் பாடகியாக அவர் அறிமுகமாகிறார். வெளியே ஒட்டப்பட்ட விளம்பரத்தில் அவருடைய பெயரின் ரோமன் எழுத்துகள் நம் கண்ணெதிரே இடம்மாறி ‘வாம்பீர்’ என்ற சொல்லாகின்றன. அதன்பின் பத்திரிகையாளர் ஃபிலிப் கேராந்தின் வீட்டுக்குள் பணிப்பெண்ணாக நுழைகிறார். ஒரு வங்கியில் வேறொரு பெயரில் அலுவலராக அமர்கிறார். தலைமுடியை மறைத்து, கோட்டும் காற்சட்டையும் அணிந்து, ஓர் இளம் பிரபுவாக ஆண் வேடத்தில் உயர்குடி விருந்தினரிடையே உலவுகிறார். இரயிலின் அடியில் ஒளிந்து பாரிசுக்குத் திரும்புகிறார். மயக்கும் பார்வை என்று ஒன்று இந்தத் தொடரில் உண்டுதான். ஆனால் அது மொரேனோ என்ற ஆணுக்கு உரியது, அதற்கு ஆட்பட்டுத் தன்வசமிழப்பவர் இர்மா வெப். கும்பலின் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக மடிகிறார்கள், வேறொருவர் வருகிறார். இர்மா வெப் மட்டும் மூன்றாம் பகுதியிலிருந்து கடைசிப் பகுதியின் துப்பாக்கிச் சூடு வரை நிலைத்திருக்கிறார். ஏமாற்றுவதும் திருடுவதும் தப்பிப்பதும்தான் அவருடைய தொழில். அந்தத் தொழிலில் கைதேர்ந்தவர் என்பதனாலேயே நாம் அவரை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை. கும்பலின் திறமையை வியக்கவைக்கும் இந்தத் தன்மைதான் காவல்துறையையும் உறுத்தியது. போர்க்காலத்தில் குற்றவாளிகளைப் பெருமைப்படுத்துவதாகக் கூறிச் சில காலம் தொடருக்குத் தடையும் விதிக்கப்பட்டது.

கறுப்பு உடையைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று நான் கோரவில்லை. தலைமுதல் கால்வரை உடலோடு ஒட்டிய அந்த உடையில் இருட்டில் சுவரோரம் நகரும் அவரை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை என்பதை நானும் அறிவேன். முதல் உலகப் போரில் இளைஞர்களாக இருந்த கவிஞர்கள் அந்திரே பிரெத்தோனும் லூயி அரகோனும் பின்னாளில், கனவையும் ஆழ்மனத்தையும் கலையின் ஊற்றாகக் கொண்ட மிகையதார்த்த இயக்கத்தின் முன்னோடிகளானபோதும் இந்த உருவத்தை மறக்கவில்லை. 1928இல் இருவரும் சேர்ந்து அவரை மனத்தில் வைத்து ஒரு நாடகமே எழுதினார்கள். அதன் பாத்திரங்களுக்கு முசிடோரா என்ற பெயரின் எழுத்துகளையே மாற்றி மாற்றி அடுக்கிப் பெயர் சூட்டினார்கள். இந்த வியப்புக்கு மதிப்புண்டு. ஆனால் கவிஞர்களின் வியப்பு அவரைக் கனவாக்கியது, விமரிசகர்களின் வியப்பு அவரைச் சின்னமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே முசிடோரா படப்பெட்டியின் மறுபக்கம் நின்று இயக்கிய படங்களை இருதரப்பாரும் மறந்துபோனார்கள்.

தொடரின் வெற்றிக்குப் பின் ஃபெயாத் எடுத்த, 1917இல் வெளிவந்த ‘ஜூடெக்ஸ்’ தொடரில் டயானா மொந்தி என்ற சூழ்ச்சிக்காரியாக நடித்ததோடு அவர் அதே வகை வேடங்களில் தங்கிவிட்டிருக்கலாம். புகழும் வருமானமும் அங்கேதான் இருந்தன. அவரோ கொலெத்தின் எழுத்தைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சியில் இறங்கினார். கொலெத்தின் ‘நாடோடிப் பெண்’ நாவலை இத்தாலியில் படமாக்கியபோது அதில் நாயகியாக நடித்தார். கொலெத் திரைக்கென்றே எழுதிய கதையை ‘மறைந்த சுடர்’ என்ற பெயரில் ரோஜே லியோனுடன் சேர்ந்து இயக்கினார். 1918ஆம் ஆண்டின் இந்த இரண்டு படங்களும் இன்று நம்மிடம் இல்லை. அக்காலத்துப் படங்கள் பதிவான நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது, நாள்பட்டால் சிதைந்து தூளாகிவிடக்கூடியது. பேசும்படம் வந்தபின் மௌனப்படப் பிரதிகளில் படிந்திருந்த வெள்ளிக்காகவே அவற்றைக் கரைத்தெடுத்தார்கள். ஒரு பெரும் எழுத்தாளரும் ஒரு பெரும் நடிகையும் கூடிச் செய்த சினிமா எப்படி இருந்திருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு இப்படித்தான் நம் கையைவிட்டுப் போயிற்று. இந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

அவருடைய பெயரிலேயே தயாரிப்பு நிறுவனம் ஒன்று அமைந்தது. பிரான்சில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தச் செய்தியைப் படிக்க வேண்டும். அலிஸ் கீயும், அதே காலத்தில் இயக்கத் தொடங்கியிருந்த ஜெர்மேன் துலாக்கும் போன்ற மிகச் சிலரைத் தவிர இத்துறையில் பொறுப்பிலிருந்த பெண்கள் அரிதாக இருந்த நாட்கள் அவை. பியேர் பெனுவா அப்போதுதான் எழுதி வெளியிட்டிருந்த நாவலை எடுத்துக்கொண்டு, ‘டான் கார்லோசுக்காக’ என்ற படத்தை ழாக் லசேனுடன் இணைந்து இயக்கினார். ஸ்பெயினின் அரியணை உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த கார்லிஸ்டுப் போரைப் பின்னணியாகக் கொண்டது அது. அந்தப் போர் நிகழ்ந்த, ஸ்பெயின்–பிரான்சு எல்லையிலுள்ள பாஸ்க் நிலத்துக்கே படக்குழுவோடு சென்று, மலைகளையும் கிராமங்களையும் உள்ளபடியே காட்சிகளில் கொண்டுவந்தார். அலெக்ரியா என்ற போராளிப் பெண்ணாக அதில் நடித்தவரும் அவரே.

அடுத்து வந்த ‘சோல் இ சோம்ப்ரா’ 1922ஆம் ஆண்டின் படம். வெயிலும் நிழலும் என்று பொருள்படும் இந்தச் சொற்கள் ஸ்பெயினின் காளைப்போர் அரங்குகளில் இருக்கைகளின் இரு பிரிவுகளையும் குறிக்கும். வெயில்படும் பக்கத்து இருக்கைக்கு விலை குறைவு, நிழல் பக்கத்துக்கு அதிகம். படத்திலும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி விடுதியில் வேலை செய்யும் ஹுவானா. மற்றவள் வெளிநாட்டிலிருந்து வந்த பொன்னிறக் கூந்தல்காரி. இருவரும் விரும்பும் காளைப்போர் வீரனாக, குதிரைமீதமர்ந்து காளையை எதிர்கொள்வதில் உண்மையிலேயே பெயர்பெற்ற கோர்தோபா நகரத்து அந்தோனியோ கன்யேரோ நடித்தார். இரண்டு பெண் வேடங்களையும் முசிடோராவே ஏற்றார். ஏழைப் பணிப்பெண்ணாக வரும்போது அவருடைய நடையில் ஒரு கனம் இருக்கிறது, முகம் பூச்சில்லாமல் வெயிலில் காய்ந்ததுபோல் தெரிகிறது. வெளிநாட்டுக்காரியாக வரும்போது, தம்மைப் பிறர் பார்க்கிறார்கள் என்பதை ஒவ்வொரு கணமும் அறிந்தவளின் ஒயில் வந்துவிடுகிறது. மோகினி என்று ஊரார் சூட்டிய வேடத்தை அவரே அருகிலிருந்து ஆராய்ந்து, அதன் எதிரே ஓர் உழைக்கும் பெண்ணை நிறுத்தி, நம் பரிவை உழைக்கும் பெண்ணிடம் திருப்பிவிடுகிறார் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். வேறு விதமாகப் புரிந்துகொள்பவர்களும் இருக்கலாம். ஆனால் படத்தைப் பார்க்காமல் எந்த விவாதத்துக்கும் இடமில்லை, நம் திரையிடல்களில் அந்தப் படம் வருவதே இல்லை.

1924இல் வெளிவந்த ‘காளைகளின் நிலம்’ இன்னும் விந்தையானது. தென் ஸ்பெயினின் ஆந்தலூசியாவிலுள்ள காளை வளர்ப்புப் பண்ணைகளின் அன்றாடத்தை ஆவணமாகப் பதிவுசெய்யும் காட்சிகளோடு, படம் எடுக்க வந்த திரைக்கலைஞராக முசிடோரா தாமாகவே தோன்றும் கதையும் அதில் பின்னியிருக்கிறது. திரையிடலின் இடையிடையே அவரே அரங்கில் நேரில் தோன்றிப் பேசியும் நடித்தும் பாடியும் படத்தை நிறைவுசெய்வதாக அமைத்திருந்தார். இசையரங்கின் மேடையில் கற்றதையும் படப்பெட்டியின் பின்னால் நின்று கற்றதையும் ஒன்றுசேர்த்துத் தமக்கென ஒரு வடிவத்தையே அவர் உருவாக்கிக்கொண்டார் எனலாம். ஆவணமும் புனைவும் கலந்த படங்களைப் பற்றி நாம் கருத்தரங்குகள் நடத்துகிறோம். அவற்றின் முன்னோடிகளை வரிசைப்படுத்தும்போது இந்தப் படத்தை ஏன் நினைப்பதில்லை?

கன்யேரோவின்மீது அவருக்கிருந்த காதலைப் பற்றி எழுதுகிறவர்கள், அந்தக் காதலுக்காகவே அவர் ஸ்பெயினில் தங்கிவிட்டார் என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். காதல் உண்மைதான். ஆயினும் அதே ஆண்டுகளில் அவர் இந்தப் படங்களை இயக்கினார், நடித்தார், படத்தொகுப்பை மேற்பார்வையிட்டார், வெளியீட்டுக்காக அலைந்தார். ஓர் ஆண் இயக்குநரின் வாழ்வில் இதே கட்டத்தை அவருடைய ‘ஸ்பானியக் காலம்’ என்று மரியாதையோடு பெயரிட்டிருப்போம் என்ற எண்ணத்தை என்னால் தவிர்க்க முடியவில்லை. இந்தப் படங்கள் அவருக்குச் செல்வம் சேர்க்கவில்லை. 1926இல் பாரிசுக்குத் திரும்பினார். மறு ஆண்டு ஒரு மருத்துவரை மணந்துகொண்டார். ஒரு மகன் பிறந்தான். நாவல்களும் கவிதைகளும் எழுதினார். பின்னர் அந்த மணவாழ்வு முறிந்தது.

நான் பெரிதும் மதிப்பது அதற்குப் பின் வந்த காலத்தை. ஆன்ரி லாங்லுவா 1936இல் நண்பர்களோடு தொடங்கிய பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகமான சினிமாத்தேக்கில், 1940களில் பணிக்குச் சேர்ந்த முசிடோரா, 1957இல் காலமாகும் வரை அங்கேயே உழைத்தார். காப்பகத்தின் வரலாற்று ஆய்வுக் குழுவில், மௌனப்பட நாட்களின் நடிகர்களையும் ஒளிப்பதிவாளர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் தேடிப்பிடித்து, அழைத்து உட்காரவைத்து, அவர்கள் சொன்னவற்றைப் பதிவுசெய்யும் பணியில் ஈடுபட்டார். முதுமையை எட்டிவிட்ட அந்த மனிதர்கள் பலரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. அவர்களுடைய படப்பிடிப்புத் தளங்களில் நின்றவர் என்பதால் எதைக் கேட்க வேண்டும் என்பது முசிடோராவுக்குத் தெரிந்திருந்தது. தங்களில் ஒருவர் கேட்கிறார் என்பதால் அவர்களும் மனம்விட்டுப் பேசினார்கள். பிரெஞ்சு மௌனப்படத்தைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்ட ஆய்வுகள் எத்தனையோ இந்தப் பதிவுகளுக்குக் கடன்பட்டவை. 1950இல், பழைய காட்சித்துண்டுகளைக் கோத்து ‘மாயப் பிம்பம்’ என்ற ஒரு தொகுப்புப் படத்தையும் அவர் அமைத்தார்.

1948 முதல் சினிமாத்தேக்கின் திரையிடல்கள் மெசின் நிழற்சாலையிலிருந்த ஒரு சிறு அரங்கில் நடந்தன. பின்னாளில் பிரெஞ்சு சினிமாவைப் புதுப்பித்த ‘புதிய அலை’ இயக்குநர்களாகப் பெயர்பெற்ற இளைஞர்கள் பலர் அங்கே மாலைதோறும் வந்தமர்ந்து படம் பார்த்துக் கற்றார்கள். ஃபெயாத்தின் தொடர்படங்கள் அந்த அரங்கில்தான் மறுபிறவி எடுத்தன. நுழைவுச்சீட்டு தரும் இடத்தில் சில மாலைகளில் அமர்ந்திருந்த முதிய பெண்மணிதான் திரையில் ஓடும் இர்மா வெப் என்பது வந்தவர்களில் பலருக்குத் தெரியாது என்று சொல்வார்கள். இந்தக் காட்சியை நம் கட்டுரைகள் இரங்கத்தக்க முடிவாகவே எழுதிவருகின்றன. எனக்கு அதில் இரக்கத்துக்கு இடமிருப்பதாகத் தோன்றவில்லை. தம் காலத்துச் சினிமா அழிந்துபோகாமல் அடுத்த தலைமுறையின் கையில் சேர வேண்டும் என்று விரும்பிய ஒருவர், அந்தத் தலைமுறை உள்ளே நுழையும் வாசலிலேயே அமர்ந்திருந்தார். ஃபெயாத் 1925இலேயே மறைந்துவிட்டிருந்த நிலையில், அவருடைய படங்களைப் பற்றிய நேரடி நினைவை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதன்மையானவர் முசிடோரா.

பிரான்சின் பெண்கள் இதை நம்மைவிட முன்பே உணர்ந்துகொண்டார்கள். 1970களின் தொடக்கத்தில் பாரிசில் திரைத்துறைப் பெண்கள் கூடி ஓர் அமைப்பை உருவாக்கியபோது அதற்கு முசிடோரா என்றே பெயரிட்டார்கள். 1974இல் பாரிசின் முதல் பெண்கள் திரைப்பட விழாவை நடத்தியதும் அந்த அமைப்புதான். அவர்கள் அந்தப் பெயரைக் கையிலெடுத்தபோது நடிகையை மட்டுமல்லாமல் இயக்குநரையும் சேர்த்தே நினைவுகூர்ந்தார்கள். ‘லெ வாம்பீர்’ தொடரை ஃபெயாத்தின் பேரர் ழாக் ஷாம்ப்ரோவின் மேற்பார்வையில் சினிமாத்தேக் 1996இல் மீட்டெடுத்தது. அதே ஆண்டு ஒலிவியே அசாயாஸ் இர்மா வெப்பின் பெயரிலேயே எடுத்த படத்தின் வழியாகத் தமிழ்த் திரை ஆர்வலர்கள் பலரும் அந்தப் பெயரை அறிந்தார்கள். பெயர் பரவியது நல்லதே. ஆயினும் பாத்திரத்தின் பெயர் பரவிய அளவுக்கு, அதற்கு உயிர்கொடுத்தவரின் படங்கள் நம்மிடம் வந்துசேரவில்லை.

எனவே என் வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறேன். மௌனப்படத் திரையிடல்களை நீங்கள் திட்டமிடும்போது, ‘லெ வாம்பீர்’ தொடரின் ஒரு பகுதியோடு ‘சோல் இ சோம்ப்ரா’வையும் சேர்த்து ஒரே மாலையில் காட்டுங்கள். பின்னது ஒரு மணி நேரத்துக்கும் குறைவானதே. எந்தப் பகுதியைக் காட்டலாம் என்று கேட்பீர்களானால், இர்மா வெப் ஆண் வேடத்தில் வரும் ஆறாம் பகுதியைப் பரிந்துரைப்பேன். அதையடுத்து ஹுவானாவையும் வெளிநாட்டுக்காரியையும் பார்க்கும் பார்வையாளர், இந்த நடிகையின் வீச்சைப் பற்றி யாரும் உரையாற்றத் தேவையில்லாமல் தாமே கண்டுகொள்வார். பாடம் எழுதுகிறவர்கள் பெண் இயக்குநர்களின் முன்னோடிகளைப் பட்டியலிடும்போது அலிஸ் கீயோடும் துலாக்கோடும் முசிடோராவையும் சேருங்கள். அவ்வாறு சேர்க்கும்போது மிகைப்படுத்தவும் வேண்டாம். ஸ்பானியப் படங்களில் லசேனுக்கு இருந்த பங்கை மறைத்துவிட்டு முசிடோராவுக்குப் பெருமை தேட வேண்டிய தேவை இல்லை. ‘மோகினி’ என்ற அடைமொழியைக் கைவிடுங்கள். இர்மா வெப் செய்யும் தொழிலை அது மறைத்துவிடுகிறது. வௌவால் இறக்கைப் படத்தை அச்சிட விரும்பினால் தாராளமாக அச்சிடுங்கள், கீழே நப்பியர்கோவ்ஸ்காவின் பெயரைப் போட்டு.

‘சோல் இ சோம்ப்ரா’வைத் திரையிட முன்வரும் சங்கம் எதுவாயினும், காட்சிகளுக்கிடையே திரையில் தோன்றும் இடையெழுத்துகளைத் தமிழில் பெயர்த்துத் தரவும், அறிமுகக் குறிப்பை எழுதித் தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். அந்த அழைப்பிதழில் ‘நடிப்பு: முசிடோரா, அந்தோனியோ கன்யேரோ’ என்ற வரிக்கு மேலே, ‘இயக்கம்: முசிடோரா, ழாக் லசேன்’ என்ற வரியும் அச்சாகி வருவதைக் காணக் காத்திருக்கிறேன்.

மிக்க மதிப்புடன்,
மௌனப்படங்களை விரும்பிப் பார்க்கும் ஒருவர்